சைவ வீட்டில் ஓர் இறால்

9.2.92, ஞாயிறு

கடல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது! கோவளத்திலிருந்து ஐந்து கேன். இவருடைய ஆபீஸ் நண்பரின் டெம்போவில் பின்னால் உட்கார்ந்து, கேன்களைக் கட்டிப்பிடித்தபடியே மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் வந்து சேர்ந்தேன். புடவை முழுக்க உப்பு. கண்ணாடித் தொட்டியில் மணல், நாலு பவளக்கல், தண்ணீர், பம்ப், மேலே லைட். முதல் குமிழ் வந்ததும் கை தட்டினேன். எனக்கு வயது முப்பத்திரண்டு.

மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா ஞானாம்பாள் இறங்கி வந்து பார்த்தார்.

"மீன் எங்கே?"

"ஆறு வாரம் ஆகும்மா."

"அதுவரைக்கும் வெறும் தண்ணிக்கா லைட்டு?"

சிரித்துவைத்தேன்.

10.2.92

எங்கள் காலேஜ் ஜுவாலஜி மேடம் தையல்நாயகி சொன்னது, மறக்காமல் இருக்க: புதுத் தண்ணீரில் மீனை விட்டால் அதன் கழிவில் வரும் அம்மோனியாவே அதைக் கொன்றுவிடும். அந்த விஷத்தைத் தின்னும் கிருமிகள் முதலில் வளர வேண்டும். அவை அதை நைட்ரைட் என்ற வேறு விஷமாக்கும். அதைத் தின்ன வேறு கிருமிகள் வரும். இரண்டு விஷமும் இல்லாமல் போன பிறகுதான் மீன். கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட் எனக்கு இது புரியாதா? எல்லாம் புரிந்தது. கடைசி வரியில்தான் ஆடிப்போனேன்.

"கிருமி வளர ஒரே ஒரு இறாலைப் போட்டு அழுக விடு."

இறால். இந்த வீட்டில்!

11.2.92

இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எட்டு வீடு ஏறி இறங்கினோம் மேரி. இவங்கதான் கிறிஸ்டியன்னு தெரிஞ்சும் சாவி குடுத்தாங்க. அசைவம் சமைக்க மாட்டோம்னு மாதா மேல சத்தியம் பண்ணது யாரு?"

நான்தான். ஆனால் இதை யார் சமைக்கப்போகிறார்கள்?

12.2.92

மார்க்கெட்டில் மீன்காரம்மா முறைத்தாள். "ஒரு எறாவா? இன்னாமே, பூனைக்கா?"

"இல்லக்கா. அழுக வெக்கறதுக்கு."

"காலங்காத்தால பேஜார் பண்ணிகினு..." என்று ஒன்றைச் சும்மாவே தூக்கிப் போட்டாள். டிபன் கேரியரின் மேல் கிண்ணத்தில் அடைத்து, நாள் முழுக்க லேபில் வைத்திருந்து, மாலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாசலில் துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா, "என்ன சாப்பாடு இன்னிக்கு?" என்றார். தயிர்சாதம் என்றேன். தயிர்சாதமும் இருந்ததே, பொய்யில்லை.

பவளக்கல்லுக்குப் பின்னால் ஒளித்தாயிற்று.

17.2.92

தொட்டித் தண்ணீரில் மருந்து விட்டதும் டெஸ்ட் ட்யூபில் மஞ்சள்! அம்மோனியா வந்துவிட்டது! லேபில் யாரும் இல்லாததால் ஒரு சுற்று ஆடினேன். பியூன் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

21.2.92

இன்று மஞ்சள் முற்றி நல்ல பழுப்பு. "விஷம், விஷம்" என்று பாடிக்கொண்டே தோசை வார்த்தேன். இவர் தோசையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.

22.2.92

நாற்றம்.

23.2.92, ஞாயிறு

"எலி செத்திருக்கு" என்று வீட்டுக்கார அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். பரணில் ஏறித் தேடியது யார்? நானேதான், டார்ச் லைட்டோடு. இல்லாத எலியை இவ்வளவு அக்கறையாக யாரும் தேடியிருக்க மாட்டார்கள். சிரிப்பு தாங்காமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். நாற்றம் தாளவில்லை என்று நினைத்து அவர், "பாவம், இறங்கிடும்மா" என்றார்.

25.2.92

இன்று சிரிப்பு வரவில்லை.

மாடிக்கும் எங்களுக்கும் பாத்திரம் தேய்க்கும் கங்கம்மாவை வீட்டுக்கார அம்மா பிடித்துக்கொண்டார். "நீதான் கருவாட்டைக் கட்டிக் கொண்டாந்து எங்கியோ வெச்சிருக்கே. நாளைலேர்ந்து வராதே."

"நான் இன்னாத்துக்குமா உன் வூட்ல கருவாடு வெக்கப்போறேன்?" பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. வீடு போய்விடுமே என்ற பயம் — ச்சே, என்ன பொம்பள நான்? என் இறாலுக்கு அவள் வேலை போவதா?

இவரிடம் சொன்னேன். "சொல்லிடு. ஒன்பதாவதா ஒரு வீடு கிடைக்காமலா போயிடும்" என்றார். இந்த மனுஷரைக் கட்டிக்கொண்டது நல்லதாய்ப் போயிற்று.

26.2.92

காலையிலேயே மாடியேறி, "அம்மா, எலி இல்ல. நான்தான்" என்றேன். கீழே கூட்டிவந்து கல்லுக்குப் பின்னால் காட்டினேன். வெள்ளையாகப் பஞ்சு பிடித்துக் கிடந்தது.

"என்னது இது?"

"இறால்மா."

"சமைச்சியா?"

"இல்லம்மா."

"தின்னியா?"

"இல்லம்மா."

"அப்போ எதுக்குடி?"

"அழுகறதுக்கும்மா."

கிருமி, விஷம், ஆறு வாரம் என்று மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் இறாலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எலின்னு சொன்னப்போ நீயும் பரண் ஏறினியே" என்றார். பிறகு, "கங்கம்மாவை நிறுத்தினப்போ ஜன்னல்ல நின்னே. பார்த்தேன்."

அழுதுவிட்டேன். "எங்களக் காலி பண்ணச் சொல்லுங்கம்மா. அவள நிறுத்தாதீங்க."

"அது அப்புறம். முதல்ல போய் அவளைக் கூட்டிட்டு வா."

கங்கம்மா வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், "முழு எறாவா? எங்கைல கேட்டிருந்தா தலைய மட்டும் குட்த்திருப்பேனே! ஒடம்ப ஏன் வேஸ்ட் பண்ண?" என்றாள். வீட்டுக்கார அம்மா அவளிடம், "தப்பா சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதே" என்றார். கங்கம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

28.2.92

இறாலை எடுத்து முருங்கை மரத்தடியில் புதைத்தேன். தொட்டியில் இருக்கிற அம்மோனியாவே போதும் என்கிறார் மேடம். வீட்டைப் பற்றி இன்னும் பேச்சில்லை.

2.3.92

தீர்ப்பு வந்தது. "மீன் வரட்டும். பிழைச்சா நீங்களும் இருங்க. செத்துதுன்னா, என் வீட்ல ஒரு உயிர் வீணாப் போனதா ஆகும். பெட்டியக் கட்டிடுங்க."

எங்கள் குடித்தனம் இப்போது கிருமிகள் கையில். வளருங்கள் கண்ணுகளா!

4.3.92, சாம்பல் புதன்

பிங்க்! பிங்க்! இரண்டாவது விஷம்! லேபிலிருந்து கொண்டுவந்த இன்னொரு மருந்தை, கோயிலிலிருந்து வந்த கையோடு விட்டுப் பார்த்தேன். கத்திய கத்தலில் வீட்டுக்கார அம்மா ஓடிவந்துவிட்டார். அவர் நெற்றியில் திருநீறு, என் நெற்றியில் சாம்பல். இரண்டு பேரும் ஒரே டெஸ்ட் ட்யூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம்.

"நல்ல கலரா இருக்கே" என்றார்.

"விஷம்மா!"

"இருக்கட்டும், கலர் நல்லாருக்கு."

12.3.92

மஞ்சள் அறவே இல்லை. பிங்க் மட்டும் அப்படியே. மாடியிலிருந்து தினமும் குரல்: "இன்னிக்கு என்ன கலர்?"

20.3.92

பிங்க். பிங்க். பிங்க். இனி இந்தக் கலரில் புடவை எடுக்க மாட்டேன்.

29.3.92, ஞாயிறு

இன்று ட்யூபில் எந்தக் கலரும் இல்லை. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் வெறும் தண்ணீர்! இவரைப் பிடித்துச் சுற்றினேன். ஷேவிங் சோப்பு என் கன்னமெல்லாம்.

5.4.92, ஞாயிறு

மேடத்தின் மாணவர் மண்டபம் என்ற கடலோர ஊரிலிருந்து காலை ரயிலில் இரண்டு கோமாளி மீன்களைக் கொண்டுவந்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. தொட்டியில் விட்டதும் கல்லுக்கடியில் பதுங்கின. பத்து நிமிஷம் கழித்து ஒன்று வெளியே வந்து, வீட்டுக்கார அம்மாவின் விரலுக்கு நேராகக் கண்ணாடியை முட்டியது. அவர் விரலை எடுக்கவில்லை.

"இதுங்க என்ன சாப்பிடும்? பொரி போடலாமா?"

ஐயோ. இதை நான் யோசிக்கவே இல்லை.

"இறால்மா... பொடிசா நறுக்கி."

இவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மனசுக்குள் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

வீட்டுக்கார அம்மா வெகுநேரம் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுங்க பொறப்பு அப்படி. அதுங்க என்ன பண்ணும்?" என்றார். போகும்போது கங்கம்மாவிடம், "பின்வாசல் வழியா மூடிக் கொண்டா" என்றார்.

15.4.92

பத்து நாள். இரண்டும் உயிரோடு. குண்டாகிக்கொண்டு வருகின்றன.

20.6.92

பின்போர்ஷன் காலி. கேட்டு வந்த ஒருவர் வாசலில் நின்று வீட்டுக்கார அம்மாவிடம் தணிந்த குரலில் விசாரித்துக்கொண்டிருந்தார். "சுத்த சைவம்னு சொன்னாங்க. ஆனா முன்னாடி கிறிஸ்டியன் குடியிருக்காங்க போலிருக்கே?"

நான் உள்ளே இறால் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி அப்படியே நின்றுவிட்டது.

"எங்க வீட்ல எல்லாரும் சைவந்தான்" என்றார் வீட்டுக்கார அம்மா. "ரெண்டு மீன் மட்டும் அசைவம். அது ஒத்துக்கலைன்னா நீங்க வேற வீடு பாருங்க."