நாங்க எடுத்தது

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது. என் போனைக்கூட நீ எடுப்பதில்லை, அதனால்தான் உன் ஊருக்கு விமானம் ஏறுகிற உங்கள் படத்துக் கேமராமேன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் முன்னாலேயே படித்துவிடு, அப்புறம் என்று வைத்தால் நீ படிக்கமாட்டாய்.

நீங்கள் இருவரும் சேர்ந்து இயக்கிய படத்துக்காக, சிறந்த இயக்குநர் விருதின் கடைசிச் சுற்றுக்கு உன் பெயரும் அக்கா பெயரும் சேர்ந்து வந்த அன்று வீட்டில் கால் வைக்க இடமில்லை, வாசல்வரை செருப்பு. நீ அக்காவைப் போனில் கூப்பிட்டு, படத்தின் கடைசிக் காட்சியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாயாம். அதே நேரம் எதிரே இருந்த நிருபர், அந்தக் காட்சியை யார் எடுத்தது என்று கேட்டார். அக்கா போனைக் காதில் வைத்தபடியே, "அது நாங்க எடுத்தது" என்றாள். நீ அதை உனக்குச் சொன்ன பதிலாக எடுத்துக்கொண்டாய் என்று கேமராமேன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உன்னிடம் என்றால் "நாம எடுத்தது" என்றுதானே சொல்ல வேண்டும், "நாங்க" என்றால் நீ இல்லாத நாங்க அல்லவா என்று சுருக்கென்று தைத்துவிட்டது. தைக்கத்தான் செய்யும், உன்னைத் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் நான் காபித் தட்டோடு பக்கத்திலேயே நின்றேன் கண்ணா, அவள் சொன்னது நிருபரிடம். அந்த நாங்கவில் அவளும் நீயும்தான், வேறு ஈ எறும்பு கிடையாது.

நீ விசாரிக்காமல் கொள்ளாமல் உன் பெயரை எடுத்துவிடும்படி விருதுக் குழுவுக்கு எழுதிவிட்டாய். அவன் பெயர் இல்லாத இடத்தில் எனக்கென்ன வேலை என்று அவளும் விலகப்போகிறாளாம். உண்மையை நீயே அவனிடம் சொல்லேண்டி என்று கெஞ்சினேன். "இத்தனை வருஷமா ஷூட்டிங்ல ஒரே மானிட்டரை ரெண்டு பேரும் பாத்துட்டு, இதைக்கூட நான் விளக்கணுமாம்மா?" என்கிறாள். உங்கள் அப்பாவின் முறைப்பு மட்டும் பங்கு பிரிக்காமல் இரண்டு பேருக்கும் முழுசாக வந்து சேர்ந்திருக்கிறது. எடிட்டிங் அறையைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள், வைத்த சோறு வைத்தபடி திரும்பி வருகிறது. வெள்ளிக்கிழமை குழு முடிவெடுத்துவிடும். நான் யார் காலில் போய் விழுவேன், சொல்லு.

விருது போனால் போகட்டும், தூசி துடைக்கிற வேலை எனக்கு மிச்சம். ஆனால் நீங்கள் இப்படியே பேசாமல் இருந்து பழகிவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை. எனக்குப் பிறகு "நாம" என்று சொல்லிக்கொள்ள உனக்கு அவளையும் அவளுக்கு உன்னையும் விட்டால் யார் இருக்கிறார்கள்?

நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. அவளைக் கூப்பிடு. எடுக்காவிட்டால் மறுபடியும் கூப்பிடு, அறை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன், கதவைத் தட்டி எடுக்க வைக்கிறேன்.

இப்படிக்கு,
உனக்கும் அவளுக்கும் அம்மா