எனக்கு வைத்த தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

தண்ணீர் போத்தலை அம்மாவுக்கு வைக்காமல் எனக்கு வைத்தார்கள். பெயர் அட்டை மட்டும்தான் அம்மாவின் முன்னால் இருந்தது.

மாற்றுத்திறனாளிகள் ஆலோசனை மன்றத்தின் முதல் கூட்டம் நேற்று நடந்தது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தங்களைப் பற்றிச் சொன்னார்கள். பார்வை இல்லாத சேவியர் அங்கிள் முன்பு டெலிபோன் ஆபீசில் இருந்தவராம். லிட்டில் இந்தியாவில் ரவிக்கை தைப்பதை அம்மா கையால் சொன்னார். நான் வாயால் சொன்னேன்.

“எனக்குக் கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன், காதும் போச்சா? சத்தமா பேசு லா, பாப்பா!” என்றார் சேவியர் அங்கிள். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். காது கேளாதவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் வர, சைகை மொழி தெரிந்த ஓர் ஆள் வேண்டும்; அப்படி ஒருவர் கிடைத்தால் என் மகள் திரும்பப் பள்ளிக்கூடம் போவாள் என்றார். நீ பத்து காவான் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன பிறகு அம்மாவோடு போவது நான்தானே. அதையும் நானேதான் சொல்ல வேண்டியிருந்தது, அக்கா.

தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “அதான் நீ இருக்கியேம்மா! எவ்ளோ அழகா சொல்றே. சரி, அடுத்தது?”

அம்மா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யோசித்துச் சொல்கிறார்களாம் என்று கையால் சொன்னேன்.

உன் தங்கச்சி