முண்டாசுக்குள் ஒரு பிடி அரிசி

ரந்தாவ்
15-3-1953, ஞாயிறு

அன்பு மகன் சந்திரனுக்கு, அப்பன் நல்லசாமி வாயால் சொல்ல, தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் திருநாவுக்கரசு கையால் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அக்கா பஞ்சாலை, மச்சான் மணியம், ஆறு கோழி, ஒரு சேவல் எல்லோரும் மாரியாத்தா புண்ணியத்தில் சுகம். நீயும் லாபிஸில் தொப்பியும் துப்பாக்கியுமாக ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். தம்பி, உன் அப்பனைப் போலீசு லாரியில் ஏற்றிக்கொண்டு போனது என்று யாராவது உன் காதில் போட்டிருப்பார்கள். போட்டது உண்மைதான். ஆனால் இப்போது நான் நம் வீட்டு வாசலில் காப்பி குடித்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன், அதனால் பதறாதே. உன் அம்மா அதைத்தான் முதலில் எழுதச் சொல்லி நச்சரிக்கிறாள். ஸ்பெசல் கான்ஸ்டபிளுக்கு எழுதுகிறோம், நடந்ததை நடந்த வரிசையில்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன்.

வேலையை விட்டபிறகு எனக்கு வந்த முதல் இலை கொட்டுகிற காலம் இது. தை பிறந்ததும் ரப்பர் மரமெல்லாம் சிவந்து, தைப்பூசத்துக்குள் மொட்டையாகிவிட்டது. முன்பெல்லாம் இந்த நாட்களில் பால் குறைகிறதே என்று வயிறு காயும், இந்த வருஷம் எனக்கென்ன, வேடிக்கைதான். நம் படியில் உட்கார்ந்தால் புகைக்கொட்டகை தெரிகிறது, அதற்கும் அப்பால் ஆறு தெரிகிறது, காலையில் ஊட்டியில் இருப்பவன் மாதிரி போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்காருகிறேன். உன் அம்மா ஒரு நாளைக்கு மூன்று தடவை வாசலைக் கூட்டுகிறாள், கூட்டி முடித்து நிமிர்வதற்குள் இன்னொரு கூடை இலை விழுந்துவிடும், உடனே மரத்தைத் திட்டுவாள், மரம் பதில் பேசாததால் என்னைத் திட்டுவாள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தகரம் தட்டினால் என் கால் இன்னும் தானாகக் கீழே இறங்குகிறது. போய் வரிசையில் நிற்கிறேன். கணக்கெழுதுகிற கிராணி எல்லார் பேரையும் கூப்பிடுகிறார், என் பேர் மட்டும் இல்லை. தண்டல் என்னைப் பார்த்து, “நல்லசாமியண்ணே, பேரு இல்லாத ஆளு நிக்கிறதுக்குத் துரை சம்பளம் போடமாட்டாரு லா” என்றான். சம்பளம் வாங்காதவனை விரட்ட உனக்கும் அதிகாரம் இல்லை என்றேன். போன மாசம் ஒரு கூத்து. காய்ந்த சருகில் பத்து ஆள் நடந்து வருகிற மாதிரி சத்தம், லயத்தைச் சுற்றி அடித்த முள்கம்பிக்குப் பக்கத்தில் காவல் நின்ற இரண்டு பேரும் துப்பாக்கியோடு குப்புற விழுந்துவிட்டார்கள். கடைசியில் ஓர் உடும்பு நாக்கை நீட்டிக்கொண்டு வெளியே வந்தது. உனக்கும் அப்படி நேர்ந்தால் முதலில் சத்தத்தைக் கேள், மனுசன் நடந்தால் நடுநடுவே நின்று கேட்பான், உடும்பு நிற்காது.

ஆறு மணிக்குக் கேட்டைத் திறந்ததும் அடையாள அட்டை ஐ.சி.யைக் காட்டிவிட்டு வெளியே போய், நான் பால் வெட்டின பழைய மர நிரையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பத்து மணிக்குத் திரும்புவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. அந்த நிரை இப்போது பஞ்சாலையினுடையது. இருபத்திரண்டாம் வருஷம் மாசியில் என் கைக்கு வந்தது அது. இலை கொட்டி ஓய்ந்து மறுபடி பால் வெட்டக் கத்தி வைக்கிற அன்றைக்கு, முதல் மரத்தடியில் ஒரு பிடி பச்சரிசியும் வெல்லமும் போட்டுக் கும்பிட்ட பிறகுதான் நான் பட்டையைத் தொடுவேன், உனக்கே தெரியும். தூங்குகிற மரத்தை எழுப்புகிறோம், வெறுங்கையோடு எழுப்பலாமா. அரிசியே கண்ணில் படாத ஜப்பான்காரன் காலத்தில்கூட இரண்டு துண்டு மரவள்ளிக்கிழங்கு வைத்தேன். இந்த மாசம் இரண்டாம் தேதி கத்தி வைக்கிற நாள். முந்தின சாயங்காலம் பஞ்சாலையிடம் பேச்செடுத்தேன். அவள், “கேட்டுல கஞ்சித் தண்ணியக்கூட விடமாட்டேங்குறாங்கப்பா, நாங்க வெறும் வயித்தோட போயிட்டு வறோம், நீ அரிசி சாமின்னு கெளம்பாதே” என்றாள். காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்ட் ஆட்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சோதனை எல்லாம் என்று எனக்கும் தெரியும். நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, விடிந்ததும் உன் அம்மா பானையில் ஒரு பிடி எடுத்து, வெல்லத்தைத் தட்டிப் போட்டு, முண்டாசுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டேன்.

கேட்டில் நின்றது கணேசமூர்த்தி என்கிற பாரோய் ஊர்க்காரர், உன்னைப்போல் ஸ்பெசல் கான்ஸ்டபிள்தான், உன்னைவிட ஒரு வயசு கூட இருக்கலாம். எல்லார் மடியையும் வாளியையும் தடவிப் பார்ப்பார், என்னை மட்டும் வயசுக்கு மரியாதை கொடுத்து வாயால் கேட்பதோடு சரி. அன்றைக்கும், “தாத்தா, சாப்பாட்டுச் சாமான் ஏதும் இருக்கா?” என்று கேட்டார். இல்லையப்பா என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. சாப்பாடு என்றால் மனுசன் சாப்பிடுவது, மரத்துக்குப் படைக்கப் போவது எப்படிச் சாப்பாடு ஆகும். அவர் போங்க என்று கையைக் காட்டினார், நான் ஒரு காலை வெளியே வைத்தேன், அந்த நேரம் பார்த்துத் துரையின் இரும்புத் தகடு அடித்த மோட்டார் காடி வந்து நின்று அவர் இறங்கினார். துரையைக் கண்டால் முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் வைப்பது என் கையின் பழக்கம், அது என்னிடம் உத்தரவு கேட்பதில்லை. அவிழ்த்தேன். அரிசியும் வெல்லமும் நெற்றி வழியாக, காது வழியாக, தோள் வழியாகக் கொட்டியது. பெரட்டே வாயைப் பிளந்து நின்றது. அத்தனை கோழி இருக்கும் லயத்தில், குடும்ப மானத்தை வாங்குவதற்கென்றே நம் வீட்டுச் சேவல்தான் முதல் ஆளாக ஓடி வந்து துரையின் பூட்சுக்குப் பக்கத்தில் கொத்த ஆரம்பித்தது. நான் சிரிப்பதற்கு வாயெடுத்தேன், கணேசமூர்த்தியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அந்த முகத்தில் ரத்தமே இல்லை. எங்கள் இரண்டு பேரையும் ஒரே லாரியில் ஏற்றினார்கள். உன் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, “நமக்கே பொங்க அரிசி பத்தல, மரத்துக்கு விருந்து வைக்கப் போனியா, நல்லா இருக்குய்யா உன் நாயம்” என்று லாரி மறைகிறவரை சத்தம் போட்டாள். வெல்லம் ஒட்டிய தலையோடு நான் உட்கார்ந்திருந்தேன், டவுன் போய்ச் சேருவதற்குள் லாரியில் இருந்த எறும்பெல்லாம் என் தலைக்குக் குடிவந்துவிட்டது.

ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் நான், எதிர் பெஞ்சில் கணேசமூர்த்தி. அவர் பெல்ட்டையும் தொப்பியையும் கழற்றி வாங்கி வைத்துவிட்டார்கள். மத்தியானம் மணியம் கிராணியைக் கூட்டிக்கொண்டு வந்தார், என் காதருகே குனிந்து, “மாமா, அந்த ஆளு ஒண்ணுமே கேக்கலன்னு சொல்லிடுங்க, கேட்டிருந்தா குடுத்திருப்பேன்னு சொல்லுங்க, வயசானவருன்னு விட்டுடுவாங்க. அதுக்கும் மேல போனா, என் மகனும் ஸ்பெசல்லதான் இருக்கான்னு சந்திரன் பேரச் சொல்லுங்க” என்றார். மச்சானைக் கோபிக்காதே, பஞ்சாலை அழுததில் அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் சொன்னபடி சொன்னால் நான் சாயங்காலம் வீட்டில் இருப்பேன், கணேசமூர்த்திக்கு வேலை போகும், உடந்தை என்று உள்ளே வைத்தாலும் வைப்பார்கள். நடந்ததைச் சொன்னால் நான் அரிசியை ஒளித்துவைத்துப் போலீசிடம் பொய் சொன்ன ஆள், என் வயசில் காவல் கேம்புக்கு அனுப்பினால் திரும்பி வருவது நிச்சயமில்லை. கேட்டில் அவர் கேட்டது எங்கள் இரண்டு பேரைத் தவிர யார் காதிலும் விழவில்லை, அவர் சொன்னால் அங்கே எடுபடாது, என் வாய்தான் சாட்சி. அவர் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை தம்பி. முழங்காலில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ சின்ன வயசில் தப்புச் செய்தால் அப்படித்தான் உட்காருவாய். அந்த மனுசன் என்ன தப்புச் செய்தார், என் நரைக்கு மரியாதை கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், பக்கத்தில் தமிழ் பேசி எழுதுகிற ஒருவர். கேட்டில் கணேசமூர்த்தி உன்னைக் கேட்டாரா என்றார்கள். கேட்டார், நான்தான் இல்லை என்று சொன்னேன், அவர் மேல் தப்பில்லை என்றேன். மணியம் தலையில் அடித்துக்கொண்டது இங்கிருந்து லாபிஸுக்கே கேட்டிருக்கும். ஏன் பொய் சொன்னாய் என்றார். மரத்துக்கு உள்ளதைச் சாப்பாடு என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை என்றேன். மரம் அரிசி தின்னுமா என்று அவரே மலாயில் கேட்டார். மரம் தின்னாது துவான், எறும்பு தின்னும், ஆனால் போடாவிட்டால் எனக்குக் கை ஓடாது என்றேன். எந்த மரம் என்றார். அதுதான் அவர் செய்த தப்பு. முதல் மரம் மேட்டுப் பக்கம் சாய்ந்தது, இரண்டாவதில் முழங்கால் உயரத்தில் ஒரு மரு, மூன்றாவதில் முப்பத்தேழாம் வருஷம் இடி விழுந்த தழும்பு என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன், பதினேழாவது மரத்தில் எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கிராணியும், பழைய ஆட்கள் அப்படிச் செய்வது வழக்கம்தான் என்று எழுந்து நின்று சொன்னார், அவர் நன்றாக இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் எழுதின தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். கணேசமூர்த்திக்குத் திட்டு, வேலை இருக்கிறது. எனக்கு மே மாசம் முடிகிற வரை கேட்டைத் தாண்டக் கூடாது. உன் பேரை நான் எடுக்கவே இல்லை, நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அது உன் தலையில் வந்து விழ வேண்டாம் என்று.

இப்போது கம்பிக்கு உள்ளேயே என் உலா. புது இலை துளிர்த்துச் செம்பு நிறத்தில் மின்னுகிறது, நான் இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன். பஞ்சாலை தினம் வந்து எந்த மரம் எப்படி என்று ஒப்பிக்கிறாள். நான் பிடிபட்ட அன்றைக்கு அவள் முதல் மரத்தைக் கும்பிட்டு, “அப்பா ஸ்டேஷன்ல இருக்காரு, நீயும் கோவிச்சுக்காதே” என்று சொல்லிக் கத்தியை வைத்தாளாம், பால் பிடிக்கிற மங்கு நிறைய வந்ததாம். அதைக் கேட்டதிலிருந்து உன் அம்மா, முப்பது வருஷமாக என் அரிசியை வீணாக்கினாயே என்று புதுப் பாட்டு ஆரம்பித்திருக்கிறாள். லயமும் என்னைத்தான் திட்டுகிறது. கணேசமூர்த்தி இப்போது ஒருத்தர் முண்டாசையும் விடுவதில்லை, எல்லாக் கிழவர்களும் தலையை அவிழ்த்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், என்னைக் கண்டால் ஆளுக்கொரு வசவு.

தம்பி, இதையெல்லாம் உனக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உன் கேட்டிலும் என்னைப்போல் கிழவன் ஒருத்தன் தினம் வருவான், தாத்தா என்று கூப்பிட்டு வாயால் கேட்டு விட்டுவிடலாம் என்று உனக்கும் தோன்றும். விடாதே. முண்டாசை அவிழ்க்கச் சொல். பெரியவர் தலையில் கை வைக்கிறோமே என்று கூசாதே, நீ கூசினால் உனக்கும் கேடு, அவனுக்கும் கேடு. அவிழ்த்ததைத் தரையில் மட்டும் போட்டுவிடாதே, உதறிப் பார்த்து மடித்து அவன் கையிலேயே கொடு. ஒரு பிடி அரிசி இருந்தால் சட்டப்படி வாங்கி வைத்துக்கொள், யாருக்கு என்று கேள், அவன் சொல்வதை நின்று கேள். கேட்டபிறகு உனக்கு எது சரி என்று படுகிறதோ, அதை உன் மேலதிகாரியிடம் கூசாமல் சொல்.

மழை நாளில் பூட்சுக்குள் ஈரத்தோடு நிற்காதே, மலேரியா மாத்திரையை நாள் தவறாமல் போடு. உன் படம் ஒன்று அனுப்பச் சொல்லி அம்மா மூன்றாவது தடவையாகச் சொல்கிறாள், தொப்பி போட்டது ஒன்று, போடாதது ஒன்று வேண்டுமாம். நீ காவல் நிற்கிற வாசலுக்கு முனியாண்டி காவல் நிற்கட்டும், ஆயுசோடும் நல்ல பேரோடும் இரு.

இப்படிக்கு,
உன் அப்பன் நல்லசாமி
(இடது பெருவிரல் ரேகை)