கயிற்றுக்குள் நிலோஃபர்

சேரன்மகாதேவி
வெள்ளிக்கிழமை

அருமை மகன் அலி அஸ்கருக்கு வாப்பாவின் ஸலாம். படைத்தவன் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். போனில் உன் குரல் கேட்டால் எனக்கு வாய் கட்டிப்போகிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஷம்ஸியா எழுதுகிறாள்.

நேரத்துக்குச் சோறு போடுகிறாள். சாப்பிடுகிறேன். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறதாம்.

உம்மாவை அடக்கியதை நீ அங்கிருந்தே போனில் பார்த்தாய். அது அவள் கேட்ட இடம் இல்லை. உனக்கு மூத்தவள், பிறந்து நாற்பது நாள் கழியும் முன்னே போன நிலோஃபர் பக்கத்தில்தான் தன்னை வைக்கச் சொல்லியிருந்தாள். பொம்பிளைகள் மையவாடிக்குள் போகிற வழக்கம் நம் ஊரில் இல்லையே. ஒவ்வொரு வெள்ளியும் நான் அங்கே போய்த் திரும்பியதும், "புள்ளைகிட்ட முள்ளு கிள்ளு மொளச்சிருக்கா?" என்று கேட்பாள். அந்தக் கபருக்குக் கல் நடவில்லை. பக்கத்தில் நின்ற மருதோன்றியும் பட்டுப்போய் வெகுகாலம். இடம் எனக்குத் தெரியும்.

அதை ஒட்டித்தான் குழி வெட்டச் சொன்னேன். இடுப்பளவு போனதும் பீர் மைதீனின் கடப்பாரை ணங்கென்றது. மண்ணை ஒதுக்கினால் செங்கல், இந்தக் காலத்துக் கல்லைப்போல் இரண்டு மடங்கு. ஒன்று பெயர்ந்து உள்ளே விழுந்தது. சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம். கீழே ஓர் அறை. நாலு பக்கமும் செங்கல் சுவர், உள்ளே ஒன்றும் இல்லை.

வீட்டில் மையத்து கிடக்கிறது, இங்கே கூட்டம். "பொதையலா இருக்கும் வே" என்றான் ஒருத்தன். "அப்பம் பீர் மைதீனுக்குப் பாதி குடுக்கணும்லே" என்றான் இன்னொருத்தன். சிரித்தார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

வி.ஏ.ஓ. வந்து, பழங்காலத்துக் கட்டடம், யாரும் கைவைக்கக் கூடாது என்று சுற்றிக் கயிறு கட்டினார். மையத்தைக் காக்க வைக்கலாமா? மையவாடி வாசல் பக்கம், அடிபம்பு அருகே வேறு குழி வெட்டினோம். பிள்ளையிடம் போகிறேன் என்றவள் வாசலோடு கிடக்கிறாள்.

நேற்று திருநெல்வேலியிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். அடுத்த மாதம் அகலமாகத் தோண்டப் போகிறார்களாம். "அங்கன என் புள்ள கெடக்கா" என்றேன். "அடையாளம் ஏதும் உண்டா பாய்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். கை நீட்டிக் காட்டினேன். ஒருவர் அங்கே ஒரு குச்சி நட்டார். இன்று தொழுகை முடிந்து போனேன். ஆடு இடித்துச் சாய்ந்து கிடந்தது. மறுபடி நட்டுவிட்டு வந்தேன்.

ஷம்ஸியாவைக் கூட்டிப்போய்க் காட்ட முடியாது. தோண்டும் முன்னே நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போ. கையைப் பிடித்து அந்த இடத்தில் உன்னை நிறுத்துகிறேன். பின்னால் எனக்கு நேரம் வந்தால் உம்மா பக்கத்தில் வேண்டாம், நிலோஃபர் பக்கத்தில் வை.

லீவு கிடைக்க அல்லாஹ் உனக்கு லேசாக்கித் தருவான். இன்று திரும்பி வந்ததும் என்னைக் கேட்க ஆள் இல்லை. அதனால் உனக்குச் சொல்கிறேன்: பிள்ளைகிட்ட முள் இல்லை.

உன் வாப்பா
(கைநாட்டு)