கதவுப் பாட்டில் குறைந்த ஓர் அடி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம், அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது, எனக்கு ஏறாமலே மனசு வலிக்கிறது, மற்றபடி சுகம். நீ சுகமா என்று கேட்க இன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை, இருந்தாலும் பெற்றவன் கேட்காமல் இருக்க முடியாது, கேட்டுவிட்டேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ “அப்பா, ஒரு நிமிஷம்” என்று குறுக்கே வருவாய், அப்புறம் சிரிப்பாய், அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்து தொலைக்கும், இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்த கோபம் வீணாய்ப் போகும். காகிதம் குறுக்கே பேசாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

வீட்டுச் செய்தி முதலில். சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது, வாஷர் மாற்றிவிட்டேன், இன்னும் சொட்டுகிறது. நம் கட்டட லிஃப்ட்டுக்குப் புதிதாக ஓர் ஆள் வருகிறான், கதவு ஓடும் பள்ளத்தில் எண்ணெயைக் கொட்டிவைத்துவிட்டுப் போகிறான், தூசி எல்லாம் அதில் ஒட்டி இரண்டாம் மாடியில் கதவு பாதியில் நின்று யோசிக்கிறது. வேலை பார்த்த காலம் முழுவதும் லிஃப்ட்டோடு கிடந்தவன் இதே கட்டடத்தில் குடியிருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்டானா? கேட்கமாட்டான். இப்போதெல்லாம் என்னை யாரும் எதையும் கேட்பதில்லை, என்னிடம் கேட்கவேண்டியதை உன்னிடம் கேட்கிறார்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப்போகிறேன், ஆனாலும் சொல்வேன், ஏனென்றால் எல்லாம் தெரிந்தும் என் காலை வாரிவிட்டாய். சலூனுக்கு வார விடுமுறை வருகிற நாளில் மத்தியானம் நாங்கள் அங்கே கூடி பழைய அமெரிக்க சோல் பாட்டுகள் வாசிப்பது நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நடக்கிறது. சலூன்காரர் டிரம்ஸ், டீச்சர் பாட்டு, நான் கீழ்ச்சுருதி கொடுக்கிற பேஸ் கிடார். கண்ணாடிகளுக்கு நடுவில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பதில் ஒரு சௌகரியம், யார் தப்பு விட்டாலும் நாலு பக்கமும் தெரியும். எங்களுக்கு ஒரே ஒரு சட்டம். ஒரு பாட்டை எடுக்கிறவர், அதை முதன்முதலில் யார் பதிவு செய்தார்கள் என்று சொல்லவேண்டும், மற்றவர்கள் ஒத்துக்கொண்டால்தான் பாட்டு, முதலில் பதிவானது எப்படியோ அப்படியேதான் வாசிக்கவேண்டும். பின்னால் வந்து ஹிட் ஆனவன் சேர்த்த ஜிகினா எதுவும் கூடாது. இந்தச் சண்டையில் சில நாள் ஒரு பாட்டுக்கூட வாசிக்காமல் வீட்டுக்கு வந்திருக்கிறோம், அதுவும் நல்லாத்தான் இருக்கும். சட்டத்தைப் போட்டது நான். ஏன் போட்டேன் தெரியுமா? அந்தப் பழைய ரெக்கார்டு உறைகளை எடுத்துப் பார், பாடினவர் படம் பெரிதாக இருக்கும், எழுதினவர் பெயர் இருக்கும், பேஸ் வாசித்த மனுஷன் பெயர் எத்தனையோ உறைகளில் இருக்காது. பாட்டைத் தூக்கி நிறுத்துகிறவன் அவன். பேஸ் என்பது லிஃப்ட் மாதிரி, ஓடுகிறவரைக்கும் யாரும் கவனிக்கமாட்டார்கள், நின்றால்தான் கூச்சல். பெயர்தான் போடவில்லை, அவன் வாசித்ததையாவது மாற்றாமல் வாசிப்போம் என்றுதான் அந்தச் சட்டம்.

இதில் கதவுப் பாட்டு என் பாட்டு. சாத்திய கதவுக்கு வெளியே நின்று உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சுகிற பாட்டு, நீ தவழ்ந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஓடியது. முதலில் அதைப் பாடியது மூன்று பெண்கள், அந்தச் சின்ன ரெக்கார்டில் இரண்டாம் சரணம் முடிகிற இடத்தில் ஒரு குரல் “ங்ஹா” என்று விம்மும், உடனே பேஸ் தாளத்தில் ஓர் அடி முன்னாலேயே வந்து விழும், நாலு அடி வரவேண்டிய இடத்தில் மூன்றுதான், அதோடு பல்லவிக்குப் போய்ப் பாட்டு முடிந்துவிடும், கதவு திறக்காது. பின்னால் ஓர் ஆள் அதைப் பாடி ஹிட் ஆக்கினபோது அந்த அடியை நிரப்பி, விம்மலை எடுத்துவிட்டு, கதவு திறக்கிற மாதிரி மூன்றாவது சரணம் ஒன்றைச் சேர்த்துவிட்டான், வியாபாரத்துக்கு. இதை நான் எத்தனை வருஷமாகச் சொல்லிவருகிறேன்! சலூன்காரர் கை அந்த இடத்தில் தானாகவே எகிறும். டீச்சருக்கு அந்த “ங்ஹா”வைச் சொல்லிக்கொடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமா? தொண்டையிலிருந்து வரக்கூடாது, வயிற்றிலிருந்து வரவேண்டும், சோல் என்றால் உயிர், இந்தப் பாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வரவழைத்தேன். வாசிக்கிற இடத்திலெல்லாம் அந்த விம்மலுக்குத்தான் கைதட்டல்.

அப்படி இருந்த இடத்தில் பல் டாக்டர் வந்து சேர்ந்தார். கீபோர்டு வாசிப்பார், கையில் எந்நேரமும் போன். நல்ல மனுஷன்தான், என் கடைவாய்ப் பல்லை வலிக்காமல் எடுத்தவர், அதற்காக என் விம்மலையும் எடுத்துவிடலாமா? ஹிட் ஆக்கின அந்த ஆள் பாடினதுதான் முதல், அடி எங்கேயும் குறையவில்லை, விம்மல் எதிலும் இல்லை என்று சாதித்தார். போனில் கிடைப்பதெல்லாம் ஹிட் ஆனது மட்டும்தான், மூன்று பெண்கள் பாடினதை அதில் தேடினால் எங்கே கிடைக்கும் என்றேன். அவர் கேட்கவில்லை. பொது நூலகத்துப் புது அரங்கத் திறப்பு விழாவில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்களே, ஊர் முன்னால் தப்பாக வாசிக்கலாமா சார் என்றார். தப்பாம்! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அந்த மூன்று பெண்கள் ரெக்கார்டில் நான் சொன்னபடி இல்லையென்றால் இனி நான் கிடாரைத் தொடவேமாட்டேன் என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன், நாலு பக்கமும் நானே தெரிந்தேன்.

அப்போது அவர் செய்த காரியம்தான் நீ அறிந்தது. நம் குழுவின் போன் குரூப்பில் உன்னைச் சேர்த்தவன் நான், அப்பா வாசிப்பதைக் கேட்டு மகள் பெருமைப்படட்டும் என்று. அவர் அதில் உன்னிடம் கேட்டார், உங்கள் பக்கத்தில் பழைய ரெக்கார்டு கடை இருக்கிறதாமே, கொஞ்சம் பார்க்க முடியுமா என்று. நீ என்ன செய்திருக்கவேண்டும்? “அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லியிருக்கவேண்டும். நீயோ வேலை விட்ட கையோடு கடைக்குப் போய், தேடி, அந்த மூன்று பெண்கள் ரெக்கார்டையே வாங்கி, வீட்டில் போட்டுக் கேட்டு, பதிவுசெய்து, குரூப்பில் எல்லார் முன்னாலும் அனுப்பினாய். அம்மாவின் மூட்டு மாத்திரைப் பெயரை எழுதி அனுப்பு என்று சொன்னால் ஒரு வாரம் ஆகும் உனக்கு. கூடவே ஒரு தீர்ப்பு வேறு. முதலில் பாடியது அந்தப் பெண்கள்தான், அப்பா சொன்னது சரி, ஆனால் அடி குறையவில்லை, விம்மல் இல்லை, மூன்றாவது சரணமும் இருக்கிறது. முன்பாதியை எவனாவது படித்தானா? “சார் சொன்னது தப்புன்னு சார் பொண்ணே சொல்லிட்டாங்க” என்று பல் டாக்டர் எழுதினார், கீழே கைதட்டுகிற படங்கள், அதில் ஒன்று உன் சித்தப்பா. நீ அனுப்பியதைப் போட்டேன், அந்த இடம் வந்தது, பேஸ் நிதானமாக நாலாவது அடியையும் எண்ணிவிட்டுப் போயிற்று, அதற்கு மேல் கேட்கப் பிடிக்காமல் நிறுத்திவிட்டேன். குரூப்பை விட்டு வெளியே வந்தேன். சொன்ன சொல் சொன்னதுதான், கிடாரை உறையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் இருக்கிற இருப்பை எழுதினால் நீ தாங்கமாட்டாய், எழுதுகிறேன். சாப்பாட்டு மேசையில் விரல் தானாக அந்த வரியை வாசிக்கிறது. அம்மா கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போதெல்லாம் வேண்டுமென்றே துடைப்பத்தால் உறையை இடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். வீட்டிலேயே கிடந்து உயிரை எடுக்காதீங்க, எங்காவது போய்ட்டு வாங்க என்கிறாள். எங்கே போவது? எனக்குப் போக இருந்த இடம் அந்த ஒரு சலூன்தான்.

என் காது பொய் சொல்லாது என்று எனக்குத் தெரியும். அதனால் போன வாரம் பரணில் ஏறி அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்ட கேசட்டை எடுத்தேன். முட்டி வலியோடு அம்மாதான் ஏணியைப் பிடித்தாள். அந்தக் காலத்தில் கூட வேலை பார்த்த ஒருவர் ரெக்கார்டையும் பிளேயரையும் ஒரே ஒரு நாளைக்கு இரவல் கொடுத்திருந்தார், அன்றைக்குப் பார்த்து ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட் ஆட்களோடு நடுவில் நின்றுவிட்டது, நான் சரிசெய்ய ஓடிவிட்டேன், ஸ்பீக்கருக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து எனக்காகப் பதிவு செய்துவைத்தது அம்மா. நான் வருவதற்குள் ரெக்கார்டு திரும்பிப் போய்விட்டது. அந்தக் கேசட்டைச் சமையலறையில் வைத்துப் போட்டேன். இரண்டாம் சரணம் முடிந்தது, “ங்ஹா”, உடனே ஓர் அடி முன்னால் பேஸ். பார்த்தாயா, பார்த்தாயா என்று குதித்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அது எந்தப் பாட்டுக்காரியும் இல்லை, அழுதது உங்க பொண்ணு. மடியில கிடந்தவ வாயைத் திறந்தா, நான் டேப்பை நிறுத்திட்டு, அவளைச் சமாதானப்படுத்திட்டு, மறுபடி ஓடவிட்டேன். நடுவுல கொஞ்சம் பாட்டு போயிருக்கும், அதுக்கென்ன?” அதுக்கென்னவாம்! ஏன் இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை என்று கத்தினேன். யாராவது என்னைக் கேட்டீங்களா, உலகத்தில் யார் யார் முதலில் பாடினாங்கன்னு சண்டை போட்டீங்களே, வீட்டுக்குள்ள பதிவு பண்ணினவளைக் கேட்டீங்களா என்று அவள் திருப்பிக் கத்தினாள், அவள் கோபம் இப்போது தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆக, பெண்ணே, நடந்ததை நீயே பார். சரணத்தை விழுங்கினது நீ. அடியைத் தின்றது நீ. நீ பசிக்கு அழுததை உயிர் உயிர் என்று நான் டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர் அதை மேடை மேடையாக அழுதிருக்கிறார். எல்லாம் செய்துவிட்டு, அத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு எதிராகச் சாட்சி சொன்னதும் நீ! உலகத்தில் எந்த அப்பனுக்காவது இந்த அநியாயம் நடந்திருக்குமா?

இதை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று நான் இருந்தேன், என்னைக் கூப்பிட்டுப்போக வந்த சலூன்காரரிடம் அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டாள். அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் எல்லாரும் நம் வீட்டிலேயே கூடிவிட்டார்கள், டீச்சர் அந்தக் கேசட்டைக் கேட்டுவிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னார். அடியை நிரப்பிச் சரணத்தைச் சேர்த்து ஒழுங்காக வாசிப்போம் என்று பல் டாக்டர் ஆரம்பித்தார். விம்மலை எடுத்தால் நான் பாடமாட்டேன் என்றார் டீச்சர். அப்போதுதான் சலூன்காரர் கேட்டார், “அண்ணே, நீங்க போட்ட சட்டப்படியே கேக்கறேன். அந்த ‘ங்ஹா’வை முதல்முதல்ல பதிவு பண்ணது யாரு?” பல் டாக்டர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

முடிவு இதுதான். விழாவில் மூன்று சரணமும் உண்டு, நாலாவது அடியும் உண்டு. ஆனால் இரண்டாம் சரணம் முடிகிற இடத்தில் அந்த விம்மலும் உண்டு, அதை டீச்சர் செய்யமாட்டாராம், சட்டப்படி முதலில் பதிவு செய்தவர்தான் செய்யவேண்டுமாம். அதனால் நீ விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வா. வரமுடியுமா என்று நான் கேட்கவில்லை, வா என்கிறேன். சொன்ன சொல்லை மீறி நான் கிடாரைத் தொடுவது அந்த மேடையில்தான், நீ பக்கத்தில் நின்றால்தான். விழா நிகழ்ச்சித் தாளில் உன் பெயரையும் அம்மா பெயரையும் அச்சடிக்கச் சொல்லிவிட்டேன், மற்றவர்கள் உறையில் விட்டதை நாமும் விடக்கூடாது. நீ வராவிட்டால் அந்த இடத்தில் எல்லாரும் நிறுத்திக்கொண்டு சும்மா நிற்போம், ஊர் கேட்டால் பாட்டுக்காரி வரவில்லை என்று சொல்வேன்.

காலையில் சாப்பிடாமல் ஓடாதே, குளிரில் காதை மூடிக்கொள், ஈரத் தலையோடு வெளியே போகாதே. கோபமாக இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் தினமும் நினைக்கிறேன், நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு, அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள். வரும்போது மறக்காமல் அந்த ரெக்கார்டைத் துணியில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவா, பெட்டியில் போட்டு வளைத்துவிடாதே. மூன்றாவது சரணத்தை அந்தப் பெண்கள் பாடி நான் இன்னும் கேட்கவில்லை. நீ வந்தபின் கூடத்தில் வைத்துப் போடலாம், இப்போது குறுக்கே அழ நம் வீட்டில் குழந்தை இல்லை, கதவு திறக்கிறவரைக்கும் மூன்று பேருமாக உட்கார்ந்து கேட்போம்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத
உன் அப்பா