அந்தக் கறியை வைத்தவன் நான்

என் அன்பு அந்தோனி அண்ணா,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். அன்பு குறைந்துவிட்டது என்று நினைக்காதே.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம். போன ஞாயிறு உனக்காகப் பூசை வைத்தேன். மாதா கோவிலிலிருந்து ஏழெட்டுப் பேர் நம் மஹய்யாவ வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். உனக்குப் பேர் வாங்கித் தந்த அதே பன்றிக்கறியை வைத்தேன். வறுத்து அரைத்த தூள், கொறுக்காய்ப் புளி, மண்சட்டி, எல்லாம் வழக்கம்போல.

தையற்கார லூக்காஸ் முதல் கவளத்திலேயே நிறுத்தினார். "வாத்தியாரே, இது எந்தக் கடையில எடுத்தீங்க?"

"நானே வைச்சது."

"சும்மா போங்க! தம்பிக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியாதுன்னு அண்ணனே எத்தனை தடவை சொல்லியிருக்காரு!"

எல்லாரும் சிரித்தார்கள். "என்ன இருந்தாலும் அந்தோனி கை வராதுங்க" என்றார் அவர் மனைவி, மூன்றாம் தடவை கறி போட்டுக்கொண்டே.

அந்தோனி கையாம்! பன்னிரண்டு வருஷம் அந்த அடுப்பில் புகை குடித்தவன் யார்?

நீதான் சமைக்கிறாய் என்ற பொய்யைத் தொடங்கியவன் நான்தான், மறுக்கவில்லை. இங்கிலீஷ் வாத்தியார் வீட்டில் அடுப்பூதுகிறான் என்று தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் மதிப்பு போய்விடும் என்று பயந்தேன். விருந்தாளி படியேறும் சத்தம் கேட்டதும் பின்கதவால் ஓடுவேன். முகம் கழுவி, கோட்டு மாட்டி, கையில் புத்தகத்தோடு முன்கதவால் நுழைவேன். நீ தோளில் துவாயோடு கறிச்சட்டியைத் தூக்கி வருவாய்.

நான் கேட்டது ஒரு சின்னப் பொய். சுடுதண்ணிக் கதையை உன்னிடம் யார் கேட்டது? "வாத்தியார் கொடுத்து வைச்சவரு, அண்ணன் பொங்கிப் போடுறாரு" என்பார்கள். நீ தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொள்வாய். அவர்கள் போன பிறகாவது ஒருநாள், "கறி நல்லா இருந்திச்சுடா" என்று என்னிடம் சொன்னாயா?

இன்னொன்றும் என்னை அரிக்கிறது. அன்று சட்டியின் அடியை வழித்துத் தின்று பார்த்தேன். உண்மையாகவே ஏதோ குறைந்தது. அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் நீ அதில் என்ன சேர்த்தாய்? தேசிக்காய்ப் புளி பிழிந்தாயா? ஒன்றுமே இல்லையா? இனி யாரைப் போய்க் கேட்பேன்?

எனக்கு மட்டும் என்றால் இப்போது சோறும் பருப்பும்தான். நின்றுகொண்டே சட்டியிலிருந்து தின்கிறேன். "கதிரையில உட்கார்ந்து தின்னுடா" என்று திட்ட ஆளில்லை.

இதைப் பத்திரிகைக்கு அனுப்புவதே லூக்காஸ் படிக்கட்டும் என்றுதான். வருகிற ஞாயிறு அதே ஆட்களை அழைத்திருக்கிறேன். கோட்டு அலுமாரியில் கிடக்கும். கரிக்கையோடு முன்கதவைத் திறந்து, அடுப்படியிலேயே கதிரை போட்டு, அவர்கள் கண் முன்னால் கறி வைப்பேன். என் பொய்யை முதலில் சொல்வேன், உன் பொய்யை அடுத்துச் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

அப்போதும் அவர்கள் நம்பாமல் சிரித்தால், அந்தப் பழி உனக்குத்தான்.

இப்படிக்கு,
சுடுதண்ணி வைக்கத் தெரியாத உன் தம்பி