கழனி மண்ணில் எழுப்பிய சுவர்

இன்று காலை பட்டறைக்கு ஒருவர் பையில் மண் கொண்டுவந்தார், மண்கல் அறுக்க ஆகுமா என்று பார்க்க. பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். மூடியைத் திறந்ததும் மேனாம்பேட்டில் உன் கழனியில் அடிக்கும் அதே சேற்று வாடை. சட்டென்று மூடிவிட்டேன், மச்சான். நீ செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த மண் இன்னும் என்னை விட்டபாடில்லை.

உன் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டினாயே, அதற்கு மண்கல் அழுத்திக் கொடுத்தது நான்தான். மூன்று சுவருக்குச் செம்மண். மணலும் களியும் அளவாய் இருக்கிற மண் அது. கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து அழுத்தினால் தண்ணீரில் ஊறப்போட்டாலும் விளிம்பு உதிராது. நாலாவது சுவருக்கு மட்டும் உன் கழனி மண்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய்.

"நெல்லு வெளையற மண்ணு மச்சான். அதுல ஒரு செவுரு நிக்காதா?"

"நெல்லுக்கு ஈரத்தப் புட்ச்சி வக்கிற மண்ணு வோணும். செவுத்துக்கு அதான் எமன். இது முழுக்கக் களி. மழைல உப்பும், வெயில்ல வெடிக்கும்" என்று கத்தினேன். அந்தக் கல் ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டு, மறுநாள் கூழாய்க் கரைந்து கிடந்ததையும் காட்டினேன். நீ சிரித்தாய்.

"மேல சிமெண்ட் பூசிட்டா எல்லாம் சரியாப் பூடும், போ."

பிடிவாதக்காரப் பயலே, உன்னை நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்? சுவர் எழுந்தது. கொஞ்ச நாளில் அம்பத்தூரில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவே இல்லை.

வெயில் காலத்தில் ஆரம்பித்தது அது. உச்சி வேளையில், நீ சாப்பிட வருகிற நேரத்துக்கு, அந்தக் கழனி மண் சுவரிலிருந்து டக், டக்கென்று சத்தம். விரலை மடக்கிக் கதவைத் தட்டுவாயே, அச்சாக அதே மாதிரி. உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். சுவரில் காதை வைத்தே படுத்திருப்பாள்.

"காஞ்ச களி சுருங்குதும்மா. வெரிசல் உடுற சத்தம் அது" என்றேன்.

"சும்மாருண்ணா. அவுரு வந்துகீறாரு. எனக்குத் தெரியாதா?"

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு அழுகையும் வந்தது, பயமாகவும் இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது, சத்தம் நின்றது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்குத்தான் தூக்கம் போனது. களி ஊறி உப்பினால் விரிசல் மூடிக்கொள்ளும். சுவர் ஊமையாகி, அடியில் இளகிக்கொண்டே போகும். ஒரு மத்தியானம் கொட்டுகிற மழையில் அவளை அழைத்துவர ஓடினேன்.

"எழுந்து என் ஊட்டுக்கு வா. செவுரு உன் மேல உழும்."

"நீ போண்ணா. அவுரு வந்து, ஊட்ல யாரும் இல்லன்னா இன்னா நெனைப்பாரு?"

கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கட்டில் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்போது கேட்டது அந்தத் தட்டல். அவள் காது வைத்திருந்த சுவரில் இல்லை. எதிர்ப்பக்கம், கதவை ஒட்டிய செம்மண் சுவரில். கட்டிய நாளிலிருந்து ஒரு முனகல்கூடக் கேட்காத சுவர் அது. மழையில் நனைந்த எந்தச் சுவரும் அப்படிச் சத்தம் போடாது, மச்சான். என் தொழில் இது, எனக்குத் தெரியும்.

"வந்துட்டாரு" என்று எழுந்து ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். கதவைத் திறந்தால் வாசலில் யாரும் இல்லை, மழைத் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் திரும்புவதற்குள் கழனி மண் சுவர் அப்படியே சரிந்து கட்டிலின் மேல் விழுந்தது.

தங்கச்சி இப்போது காட்டுப்பாக்கத்தில் என்னோடு இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், என்னோடு சண்டையும் போடுகிறாள். சுவர் ஏன் விழுந்தது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் மணல், களி என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மற்றதை ஒருவரிடமும் சொல்லவில்லை. மத்தியானத்தில் வாசலில் யாராவது தட்டினால், இப்போதெல்லாம் அவளுக்கு முன்னால் நான்தான் எழுந்து ஓடுகிறேன்.